14 தோல்வியும் ஒரு விதியும்

ஆடியது 14. தோற்றது 14. போட்ட கோல் 10. வாங்கிய கோல் 62. புள்ளி, சைபர்.

1890–91இல் அயர்லாந்தின் முதல் கால்பந்து லீக் நடந்து முடிந்தபோது, 8 அணிகள் கொண்ட பட்டியலின் கடைசி வரி இது. அந்த வரிக்குச் சொந்தக்கார அணி மில்ஃபோர்ட். மற்ற 7 அணிகளும் பெல்ஃபாஸ்ட் நகரத்தைச் சேர்ந்தவை. அவற்றில் லின்ஃபீல்ட், கிளென்டோரன், கிளிஃப்டன்வில் மூன்றும் இன்றும் ஆடிக்கொண்டிருக்கின்றன. மில்ஃபோர்ட் மட்டும்தான் கிராமம். ஆர்மா நகருக்குப் பக்கத்தில், ஒரு லினன் துணி ஆலையை நம்பிப் பிழைத்த ஊர். அந்த அணியின் கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம், ஆலை முதலாளியின் மகன்.

இவரைப் பற்றி இன்று எழுத ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. பெனால்டி கிக், அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்துக் கோலை நோக்கி அடிக்கும் தண்டனை உதை வேண்டும் என்று முதலில் கேட்டவர் இவர்.

சிலர் இந்தக் கதையை வசதியாகச் சுருக்கிச் சொல்வார்கள்: பாவம், 62 கோல் வாங்கிய அணியின் கோல்கீப்பர், எரிச்சலில் ஒரு விதி கேட்டார் என்று. தேதிகள் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய யோசனை 1890 ஜூனிலேயே சர்வதேச விதிக்குழுவின் மேசைக்குப் போய்விட்டது. லீக் தொடங்கியது அதற்குப் பிறகு. அதாவது, தான் கேட்ட விதி கிடப்பில் கிடக்க, அந்த விதி இல்லாத ஆட்டத்தில் அவருடைய அணி 14 முறை தோற்றது. எனக்கு இந்த வரிசைதான் பிடித்திருக்கிறது.

கோல்கீப்பர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சாய்வு உண்டு. எங்கள் தெருவில் எவனால் ஓட முடியாதோ அவன்தான் கோல்கீப்பர். நான் நிரந்தர கோல்கீப்பர். அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மைதானத்தில் நடக்கிற அயோக்கியத்தனத்தில் பாதி கோல் முகத்தில்தான் நடக்கும். நடு மைதானத்தில் ரொம்பக் கண்ணியமாக ஆடுகிறவன்கூட, பந்து கோலுக்குள் போகப்போகிறது என்றால் வேறு ஆளாகிவிடுவான். அதை மிக அருகிலிருந்து பார்க்கிறவர் கோல்கீப்பர். மெக்ரம் பார்த்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1865இல் பிறந்தவர். அப்பா ராபர்ட் கார்மனி மெக்ரம், கண்டிப்பான உழைப்பாளி, பெரும் பணக்காரர். ஆலையைச் சுற்றித் தொழிலாளர்களுக்கு வீடு, பள்ளிக்கூடம் என்று ஊரையே கட்டியெழுப்பியவர். அவருடைய மாளிகையில் நீர்விசையில் எடுத்த மின்சாரத்தில் விளக்கு எரிந்தது என்பார்கள். அந்தக் காலத்து அயர்லாந்தில் அது பெரிய அதிசயம். மகனோ அப்பாவின் அச்சு இல்லை. ஆர்மாவின் ராயல் பள்ளியிலும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். கிரிக்கெட் ஆடினார், நாடகங்களில் நடித்தார், கோலில் நின்றார். ஆலைக் கணக்கு ஒன்றுதான் அவருக்குப் பெரிதாக ருசிக்கவில்லை போலிருக்கிறது. ஊரார் அவரை வில்லி சின்ன ஐயா என்கிற பாணியில் கூப்பிட்டார்கள். ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த ஊரின் அணி, அதில் சின்ன முதலாளி கோல்கீப்பர். யாரும் சம்பளத்துக்கு ஆடவில்லை. இங்கிலாந்தில் 1885இலேயே காசுக்கு ஆடுவதை அனுமதித்துவிட்டார்கள்; அயர்லாந்தில் அதற்கு 1894 வரை ஆயிற்று.

அன்றைய கோல்கீப்பரின் நிலையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் கேட்டதன் எடை புரியாது. கோல்கீப்பருக்கென்று தனி நிறச் சட்டை கிடையாது. அது 1909இல்தான் வந்தது. மற்ற பத்துப் பேர் போடுகிற அதே சட்டையில்தான் நிற்பார். பந்தைக் கையால் தொட அனுமதி பெனால்டி ஏரியாவுக்குள், அதாவது கோலுக்கு முன்னால் இன்று போடுகிற கட்டத்துக்குள், மட்டும் இல்லை, தன் பாதி மைதானம் முழுக்க உண்டு. பெனால்டி ஏரியா என்ற ஒன்றே அப்போது இல்லையே! கேட்பதற்கு இது பெரிய சலுகை மாதிரி இருக்கும். ஆனால் எதிரணிக்காரன் ஓடிவந்து தோளால் இடித்து கோல்கீப்பரைப் பந்தோடு சேர்த்து உள்ளே தள்ளினால், பெரும்பாலும் அது கோல். பந்தைப் பிடித்த மறுநொடி அதைத் தூரப் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் விலா எலும்புக்கு உத்தரவாதம் இல்லை. பின்னால் வலையும் கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்பது பல நேரம் வாய்ச்சண்டையில்தான் முடிவாகும்.

நடுவர் முறை இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு அணியும் தனக்கொரு அம்பயரைக் கொண்டுவரும். ஆட்டக்காரர்கள் முறையிட்டால்தான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகவில்லை என்றால், மைதானத்துக்கு வெளியே இருக்கும் ரெஃப்ரியிடம் விவகாரம் போகும். நம்மூர் பஞ்சாயத்து மாதிரிதான்: இரண்டு தரப்பும் பேசித் தீராததுதான் மேலே போகும். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நின்றது. ஆடுகிறவர்கள் கனவான்கள், அவர்கள் வேண்டுமென்றே தப்பு செய்யமாட்டார்கள் என்பதுதான் அந்த நம்பிக்கை. ஈட்டன், ஹாரோ போன்ற இங்கிலாந்தின் பணக்காரப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்ட விதிகள் அவை.

சரி, யாராவது வேண்டுமென்றே தப்பு செய்தால்? எதிரணிக்கு ஃப்ரீ கிக், அதாவது தடையில்லாமல் ஓர் உதை, கொடுப்பார்கள். அந்த ஃப்ரீ கிக்கிலிருந்து நேராக கோல் அடிக்க முடியாது. இன்னொருவர் காலில் பட்டாக வேண்டும். நேராக அடிக்கும் உரிமை 1903இல்தான் வந்தது. கோலுக்குப் பக்கத்தில் ஃப்ரீ கிக் என்றால் பதினொரு பேரும் கோல் கோட்டின் மேல் சுவர் மாதிரி நின்றுகொள்வார்கள். முடிந்தது கதை. கோலுக்குள் போகிற பந்தைக் கையால் தட்டிவிட்டவன் ஒரு கோலைக் காப்பாற்றியிருப்பான். அதற்கு அவன் கொடுக்கும் விலை, பலனில்லாத ஒரு ஃப்ரீ கிக். கணக்குத் தெரிந்தவன் எவனும் கையை நீட்டத்தான் செய்வான். முன்னால் போகிறவனைத் தடுக்கிவிடுவதும் அதே கணக்குதான்.

மெக்ரம் கேட்டது, இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் ஒரு விதி. அவர் ஐரிஷ் கால்பந்துச் சங்கத்தின் குழுவிலும் இருந்தார். சங்கத்தின் செயலாளர் ஜாக் ரீட் அந்த யோசனையை விதிக்குழுவிடம் கொண்டுபோனார். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து 1886இல் அமைத்த குழு அது. இன்றும் கால்பந்து விதிகளை அதுதான் வைத்திருக்கிறது.

வரவேற்பு எப்படி இருந்தது? சிரித்தார்கள். 'ஐரிஷ்காரரின் தீர்மானம்' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். 'மரண தண்டனை' என்றும் சொன்னார்கள். கேலிக்கு அடியில் கோபமும் இருந்தது. இப்படி ஒரு விதி எழுதினால், ஆட்டக்காரன் வேண்டுமென்றே ஏமாற்றுவான் என்று நாமே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடுமே! கனவானைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? புகழ்பெற்ற ஆங்கில விளையாட்டு வீரர் சி. பி. ஃப்ரை பின்னாளில்கூட இந்த விதியை ஆட்டக்காரர்களுக்குச் செய்த நிரந்தர அவமானமாகத்தான் பேசினார். 1890இல் தீர்மானம் நிறைவேறவில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சுவாரசியமாக இருப்பது, கேட்டவரும் கனவான்தான் என்பது. பணம், டிரினிட்டி, கிரிக்கெட், எல்லாம் அவரிடமும் இருந்தது. கூலிக்கு ஆடுகிற முரடன் எவனோ வந்து கேட்டிருந்தால் லண்டன்காரர்களுக்கு ஒதுக்கித் தள்ளுவது சுலபம். இவர் அவர்கள் ஆள். அமெச்சூர் ஆட்டத்தின், அதாவது காசு வாங்காமல் ஆடுவதன், மேல் அவர்களைவிடப் பற்றுள்ள ஆள் என்றுகூடச் சொல்லலாம். வித்தியாசம் நின்ற இடத்தில்தான் என்று எனக்குப் படுகிறது. அவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொண்டவர்கள், இவர் ஆலைத் தொழிலாளிகளோடு ஆடியவர். யாரும் மோசமானவன் இல்லை, ஆனால் பந்து கோலை நோக்கி வரும்போது பிறப்பும் படிப்பும் யாரையும் கட்டிப்போடாது என்பதைத் தெரிந்துகொள்ள அந்த இடம் வசதியாக இருந்திருக்கும். கண்ணியம் தேவை என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அது தானாக வரும் என்றார்கள் அவர்கள், விதி போட்டு வாங்க வேண்டும் என்றார் இவர்.

அடுத்த சில மாதங்களில் நடந்தவை அவர் பக்கம் வாதாடின.

1890 டிசம்பர். ஸ்காட்டிஷ் கோப்பைக் காலிறுதியில் ஹார்ட்ஸ் அணியும் ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் அணியும் மோதின. கோலுக்குள் போன பந்தை ஹார்ட்ஸின் ஜிம்மி ஆடம்ஸ் கையால் குத்தி வெளியே தள்ளினார். ஹார்ட்ஸ் ஜெயித்தது. அந்த வருடக் கோப்பையையும் ஹார்ட்ஸ்தான் தூக்கியது.

1891 பிப்ரவரி 14. எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. நாட்டிங்ஹாமின் ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நாட்ஸ் கவுன்ட்டியும் ஸ்டோக்கும் ஆடின. நாட்ஸ் 1–0 என்று முன்னால் இருந்தது. ஸ்டோக் அடித்த பந்து கோட்டைத் தாண்டப் போகிற நேரம், நாட்ஸ் ஆட்டக்காரர் ஹென்ட்ரி கையால் தடுத்தார். கோல் கோட்டுக்கு ஒட்டினாற்போல் ஃப்ரீ கிக். நாட்ஸ் கோல்கீப்பர் பந்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்; அடித்தது அவர் மேல் பட்டு நின்றது. அவ்வளவுதான். 1–0. நாட்ஸ் கவுன்ட்டி அந்த வருடம் இறுதிப்போட்டி வரை போய், அங்கே பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோற்றது.

இரண்டு சம்பவத்திலும் கையை நீட்டிய அணி மேலே போனது. விதியில் இருந்த தண்டனையை முழுதாக ஏற்றுக்கொண்டே மேலே போனது. 'மரண தண்டனை' என்று சிரித்தவர்களுக்கு இதற்கு மேல் சிரிக்க வழியில்லை.

1891 ஜூன் 2ஆம் தேதி கிளாஸ்கோவில் விதிக்குழு கூடித் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. 13ஆவது விதியாக அது சேர்ந்தது. தன் கோல் கோட்டிலிருந்து 12 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 11 மீட்டருக்குள், ஒருவர் வேண்டுமென்றே எதிரியைத் தடுக்கினாலோ பிடித்தாலோ பந்தைக் கையால் தொட்டாலோ, முறையீட்டின் பேரில் பெனால்டி கிக். அன்றைய வடிவம் இப்போதுள்ளது போல இல்லை. பந்தை வைக்கத் தனிப் புள்ளி கிடையாது, மைதானத்தின் குறுக்கே 12 கஜ தூரத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எங்கிருந்து வேண்டுமானாலும் அடிக்கலாம். மற்ற எல்லோரும் பந்துக்குப் பின்னால், குறைந்தது 6 கஜம் தள்ளி நிற்க வேண்டும். கோல்கீப்பர் கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை, 6 கஜம் வரை முன்னால் வரலாம். விதியைக் கேட்டவர் கோல்கீப்பர் அல்லவா, கோல்கீப்பரை ஒரேயடியாகக் கழுத்தறுத்துவிடவில்லை.

அந்த 1891ஆம் வருடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அம்பயர்களைக் கோட்டுக்கு வெளியே அனுப்பி லைன்ஸ்மேன் ஆக்கியதும், ரெஃப்ரியை மைதானத்துக்குள் இறக்கியதும் அதே வருடம். லிவர்பூல் பொறியாளர் ஜான் அலெக்சாண்டர் பிராடி யோசித்த கோல் வலை பெரிய ஆட்டத்தில் பயன்பட்டதும் அதே வருடம்தான். எவர்ட்டன் அணியின் ஆட்டம் ஒன்றில் கோல் உண்டா இல்லையா என்று நடந்த சண்டையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். வலை, அதிகாரமுள்ள ரெஃப்ரி, பெனால்டி, மூன்றும் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தன. 'சொன்னால் நம்புவோம்' என்கிற காலம் முடிந்து, பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற காலம் வந்தது. இன்று விஏஆர் என்கிற வீடியோ நடுவர் முறை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறோமே, அந்தச் சண்டையின் முதல் சுற்று அது.

இங்கிலாந்து லீக்கில் முதல் பெனால்டி கோல் 1891 செப்டம்பர் 14இல் விழுந்தது. அடித்தவர் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸின் ஜான் ஹீத், வாங்கிய அணி அக்ரிங்டன். உடனேயே ஓட்டைகளும் தெரிந்தன. ஆஸ்டன் வில்லாவுக்கும் ஸ்டோக்குக்கும் நடந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. கடைசி நிமிடங்களில் ஸ்டோக்குக்குப் பெனால்டி. வில்லா கோல்கீப்பர் பந்தை எடுத்து மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டார். தேடிக் கொண்டுவருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடியும் ஸ்டோக்! பெனால்டி அடித்து முடிக்கும் வரை நேரத்தை நீட்ட வேண்டும் என்கிற விதி அப்புறம் வந்தது.

கொரிந்தியன் என்ற கிளப்பின் கதை இதற்கு நேர் எதிர். அமெச்சூர் லட்சியத்தின் உச்சம் அவர்கள். கோப்பைக்காக ஆடுவதையே கௌரவக் குறைவாக நினைத்தவர்கள். தங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தால் அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து நின்று கோல் விழட்டும் என்று விட்டுவிடுவாராம். தங்களுக்குக் கிடைத்தால் வேண்டுமென்றே வெளியே அடிப்பார்களாம். எவ்வளவு தூரம் நிஜம், எவ்வளவு பிற்பாடு மெருகேற்றியது என்று பிரிப்பது கஷ்டம். எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் உண்டு: தோற்றால் எதுவும் போகாதவர்களுக்குத்தான் இந்தப் பெருந்தன்மை கட்டுப்படியாகும்.

மெக்ரமின் மீதி வாழ்க்கை வேகமாகச் சொல்லிவிட வேண்டிய ஒன்று. கல்யாணம் நிலைக்கவில்லை, மனைவி விட்டுப் போனார். மான்டி கார்லோவில் சூதாட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1915இல் அப்பா இறந்தார். ஆலை மகன் கையில் தழைக்கவில்லை, லினன் வியாபாரமும் படுத்தது, 1929இன் உலகப் பொருளாதாரச் சரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஊரையே கட்டிய குடும்பத்தின் பிள்ளை 1932 டிசம்பரில் ஆர்மாவில் ஒரு வாடகை விடுதி அறையில் செத்துப்போனார். செயின்ட் மார்க் தேவாலயத்தில் புதைத்தார்கள். பல்லாண்டு கழித்து, மில்ஃபோர்ட்டின் பழைய ஆட்ட மைதானத்தில் வீடு கட்டப் போகிறார்கள் என்றதும் ஊர்க்காரர்கள் கிளம்பித் தடுத்தார்கள். இப்போது அங்கே அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது, மார்பளவுச் சிலையும் இருக்கிறது.

அவர் சாவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1930இல், உருகுவேயில் முதல் உலகக் கோப்பை நடந்தது. அதில் சிலியின் கார்லோஸ் விடால் அடித்த பெனால்டியை பிரான்ஸ் கோல்கீப்பர் அலெக்ஸ் தெப்போ தடுத்தார். உலகக் கோப்பையில் ஒரு கோல்கீப்பர் தடுத்த முதல் பெனால்டி அது. ஆர்மாவில் இருந்த மெக்ரமின் காதுக்கு அந்தச் செய்தி போயிருக்க வாய்ப்பே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

விதி மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்தது, பெரும்பாலும் கோல்கீப்பரின் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு. 1905இல் அந்த 6 கஜம் போயிற்று; கோட்டில் நில் என்றார்கள். 1912இல் தன் பாதி மைதானம் முழுக்கக் கையால் தொடும் உரிமை போயிற்று. 1929இல் உதைக்கும் வரை காலை அசைக்காதே என்றார்கள். 1997இல் மனம் இரங்கி, கோட்டின் மேலேயே பக்கவாட்டில் நகரலாம் என்றார்கள். 2019இல் ஒரு கால் மட்டும் கோட்டில் இருந்தால் போதும் என்றார்கள். இடையில் 1970இல், டிரா ஆன ஆட்டங்களை முடிக்க, இரு அணியும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கிற ஷூட்அவுட்டையும் ஏற்றுக்கொண்டார்கள். தப்புக்குத் தண்டனையாக மெக்ரம் கேட்டது, யாரும் எந்தத் தப்பும் செய்யாதபோதும் கோப்பையைத் தீர்மானிக்கிற வழியாகிவிட்டது.

2022 கத்தார் உலகக் கோப்பை இறுதிப்போட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 3–3 ஆகி ஷூட்அவுட். பிரான்ஸின் கோமான் அடித்ததை அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸ் தடுத்தார். அடுத்து பிரான்ஸின் சுவாமெனி அடிக்க வந்தபோது, மார்டினெஸ் பந்தை அவர் கையில் கொடுக்காமல் தூக்கித் தூர எறிந்தார். சுவாமெனி நடந்து போய் எடுத்துவந்து வெளியே அடித்தார். வில்லா கோல்கீப்பர் பந்தை வெளியே உதைத்த கதையின் தம்பி இது. இதில் ஒரு வேடிக்கை, மார்டினெஸும் அப்போது ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர்தான்.

உடனே விதிக்குழுவும் அசைந்தது. 2023இல் புதிய வரிகள் வந்தன: அடிப்பவரின் கவனத்தை முறையற்ற விதத்தில் கலைக்கக் கூடாது, தாமதப்படுத்தக் கூடாது, கோல் கம்பத்தைத் தொடக் கூடாது, வலையைத் தொடக் கூடாது. ஆட்டக்காரன் ஏமாற்றுவான் என்று எழுதவே கூச்சப்பட்ட அதே குழு, கோல்கீப்பர் எதையெல்லாம் தொடக் கூடாது என்று இப்போது பட்டியல் போடுகிறது. அடிக்க வருகிறவனோ நடுவழியில் நிற்கலாம், குதிக்கலாம், தாளம் போட்டு ஓடி வரலாம். கம்பத்தைக்கூடத் தொடக் கூடாது என்பது, என்னைக் கேட்டால், கொஞ்சம் ஓவர்.